வாடகை வீடும் வரவு செலவும்

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாடகை வீட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று உங்கள் காரியதரிசி கேட்டுக்கொண்டபோது, இந்தச் சபையில் வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் கலந்து உட்கார்ந்திருப்பார்களே, ஒருவர் பக்கம் பேசினால் மற்றவருக்கு மனஸ்தாபம் உண்டாகுமே என்ற தயக்கம் எனக்கு இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில், சென்னைப் பட்டணத்தில் ஏதாவது ஒரு காலத்தில் வாடகைக்குக் குடியிருக்காத வீட்டுக்காரரும், என்றைக்காவது வீட்டுக்காரராகிவிட வேண்டும் என்று ஆசைப்படாத குடித்தனக்காரரும் அபூர்வம் என்பது நினைவுக்கு வந்தது. ஆகையால் துணிந்து வந்துவிட்டேன்.

வீதிக்கு வீதி கட்டடம் வைத்திருக்கும் தனவந்தர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை. முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தில் நங்கநல்லூரிலோ அம்பத்தூரிலோ தாம் குடியிருக்கும் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி அதை வாடகைக்கு விட்டிருப்பவர். கணவர் விட்டுப்போன வீட்டின் இரண்டு போர்ஷன்களில் வரும் வாடகையைக் கொண்டே மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பதில் சொல்லும் அம்மாள். கணினிக் கம்பெனியில் வேலை கிடைத்த நாலைந்து வருஷத்துக்குள், இருக்க ஒன்று, வாடகைக்கு ஒன்று என்று கடன் வாங்கி அடுக்குமாடியில் இரண்டாவது வீடு வாங்கும் இளைஞர் — இவர்கள்தாம் என் மனத்தில் இருக்கிறார்கள். நானும் இந்த ஜாதிதான். கணக்குத் தணிக்கையில் ஆயுளைக் கழித்தவன், இரண்டு போர்ஷன்களுக்கு வீட்டுக்காரன். எனவே என் பேச்சில் ரசத்தைவிட எண்கள் அதிகமாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு வீட்டுக்காரருக்கு உண்டாகும் நஷ்டத்திலும் மனக்கசப்பிலும் பெரும்பகுதிக்குக் காரணம், வீட்டை அவர் ஒரு தொழிலாகப் பாவிக்காமல், சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டே வாங்கிக்கொள்ளும் பென்ஷனாகப் பாவிப்பதுதான். பெட்டிக்கடைக்காரர்கூட இரவில் கடையைச் சாத்துமுன் அன்றைய கணக்கைப் பார்த்துவிடுகிறார். 80 லட்சம் ரூபாய் சொத்தை வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேரிடம் அந்த வீட்டுக்கென்று ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது?

அந்த 80 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். புறநகரில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை அந்த விலைக்கு ஒருவர் வாங்கி, மாதம் 18,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 2,16,000 ரூபாய். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குடித்தனக்காரர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறி, இடையில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று கொண்டால் அந்த வகையில் வருஷத்துக்கு 9,000 போயிற்று. சொத்து வரி 6,000 என்று வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை 60,000 செலவழித்து வர்ணம் அடித்தால் அதன் வருஷப் பங்கு 12,000. மோட்டார் காயில் எரிந்துபோவது, குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டுவது, தரகருக்குக் கொடுப்பது என்று இன்னும் ஒரு 12,000. ஆக 39,000 கழிந்து கையில் நிற்பது 1,77,000. போட்ட முதலுக்கு இது நூற்றுக்கு இரண்டே கால்கூட ஆகவில்லை. அதே முதலை வங்கியில் ஆறு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 4,80,000 வந்திருக்கும். நடுராத்திரியில் தண்ணீர் வரவில்லை என்று வங்கியிலிருந்து யாரும் டெலிபோன் செய்யமாட்டார்கள்.

கடன் வாங்கி வாங்கினவர் பாடு இன்னும் சிரமம். “வாடகையே தவணையைக் கட்டிவிடும்” என்று சொல்லி வீட்டை விற்பவர்கள் இருக்கிறார்கள். 60 லட்சம் ரூபாய்க் கடனை எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். வாடகை 18,000. மீதி 34,000 ரூபாயை மாதந்தோறும் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டுகிறவர், வாடகை வருமானம் உடையவர் என்று ஊராரால் கௌரவிக்கப்படுகிறார்.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் வீடு வாங்குகிறார்கள் என்று கேட்பீர்கள். மனையின் விலை ஏறும் என்பதற்காகத்தான். பல இடங்களில் அது ஏறியும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏறுவது மண்ணின் விலையே அன்றிக் கட்டடத்தின் விலை அன்று; கட்டடம் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு படி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் சமையலறைக் கல்லையும் குளியலறை ஓடுகளையும் தடவித் தடவிப் பார்க்கிறாரே ஒழிய, கிரயப் பத்திரத்தில் தமக்கு எழுதியிருக்கும் பிரிபடாத மனைப்பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பத்திரப் பதிவு நாளில்தான் முதன்முதலாக வாசிக்கிறார். நாற்பது வருஷம் கழித்து அவருடைய சந்ததிக்கு மிஞ்சப்போவது அந்தப் பங்குதான்.

இன்னொரு விஷயம். வருமான வரிச் சட்டம் வீட்டு வாடகையை எப்படிக் கணக்கிடுகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உரிமையாளர் கட்டிய சொத்து வரியை வாடகையிலிருந்து கழித்துவிட்டு, மீதித் தொகையில் நூற்றுக்கு 30 பங்கையும் கழித்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. ரசீது கேட்பதில்லை, உண்மையில் செலவு செய்தீர்களா என்று விசாரிப்பதில்லை. கட்டடம் என்றால் பழுது உண்டு, பராமரிப்பு உண்டு என்பதைச் சர்க்காரே ஒப்புக்கொண்டு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விட்டுக்கொடுக்கிறது. அந்தச் சலுகையை வாங்கிக்கொள்ளும் நாம் பராமரிப்புக்கென்று நூற்றுக்கு ஐந்தாவது தனியே எடுத்து வைக்கிறோமா? இந்த 30 சதவீதத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம்மிடையே குடித்தனக்காரரைக் கண்டு பயப்படும் சுபாவம் ஒன்று இருக்கிறதே, அது ஆகாயத்திலிருந்து வந்தது அன்று. அதற்குச் சரித்திரம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1941-ல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்தது. 1942-ல் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற பீதியில் பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடிய சமயத்தில் வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன என்பது வாஸ்தவமே. ஆனால் ஓடினவர்கள் திரும்பினார்கள். கூடவே பிழைப்பைத் தேடிப் புதியவர்களும் வந்தார்கள். 1941-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் 7,77,000 ஆக இருந்த சென்னை நகரம், எல்லை விஸ்தரிப்பும் சேர்ந்து, 1951-ல் 14,16,000 ஆகிவிட்டது. இத்தனை பேருக்கும் வீடு எங்கே? யுத்த கால உத்தரவு 1946-ல் சட்டமாயிற்று, 1949-ல் மறுபடி ஒரு சட்டம், 1960-ல் இன்னொன்று. வீடு காலியானால் ஏழு நாளைக்குள் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும், சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு அந்த வீடு தேவையென்றால் கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனைகூட அவற்றில் இருந்தது.

1960-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழைக் குடித்தனக்காரரை நடுத்தெருவில் நிற்காமல் காப்பாற்றியது. அந்தப் புண்ணியத்தை அதற்குக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் நியாய வாடகை நிர்ணயம், வேண்டுமென்றே பாக்கி வைத்தது, சொந்த உபயோகத்துக்குத் தேவை என்று ஒவ்வொன்றுக்கும் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனுப் போட்டு, அப்பீலுக்கு அப்பீல் ஏறி இறங்கி, தகப்பனார் தொடுத்த வழக்கில் பிள்ளை தீர்ப்பு வாங்கிய குடும்பங்கள் இந்தப் பட்டணத்தில் ஏராளம். வாடகை ஏறாத வீட்டைச் செப்பனிட உரிமையாளருக்கு மனம் வரவில்லை. செப்பனிடாத வீட்டை விட்டுப் போகக் குடித்தனக்காரருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் பல பழைய வீடுகள் காரை பெயர்ந்து, ஓடு சரிந்து, ஆலங்கன்று முளைத்து நின்றதற்கு இந்த இருவருடைய பிடிவாதமும் ஒரு முக்கிய காரணம். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்றிருந்த விலக்கையும் 1986-ல் உச்ச நீதிமன்றம், சமத்துவத்துக்கு விரோதமானது என்று ரத்துச் செய்தது. அந்தத் தலைமுறை வீட்டுக்காரர்கள் கண்ட பாடம் ஒன்றுதான்: எதையும் எழுத்தில் கொடுக்காதே, ரசீது தராதே, 11 மாதத்துக்கு மேல் ஒப்பந்தம் போடாதே. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்தாக வேண்டும் என்பதால் வந்தது அந்த 11 மாதக் கணக்கு.

அந்த 1960-ஆம் வருஷத்துச் சட்டம் இப்போது இல்லை. அதை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றப்பட்ட, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019-ஆம் வருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடித்துக்கொள்ளலாம். நியாய வாடகை என்று நீதிமன்றம் நிர்ணயிக்கும் ஏற்பாடு போயிற்று. அதற்குப் பதிலாக ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்த பிறகும் கட்டாவிட்டால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். கெடு முடிந்த பிறகும் காலி செய்யாமல் உட்கார்ந்திருப்பவர் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும் அதன்பின் நாலு மடங்கும் கொடுக்க வேண்டும். உரிமையாளருக்கும் கட்டுத் திட்டங்கள் உண்டு: வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், சண்டை வந்துவிட்டது என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது, வாங்கிய வாடகைக்கு ரசீது கொடுக்க வேண்டும்.

எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி அதன் கடைசியில் இருக்கும் ஓர் அட்டவணை. கட்டட அமைப்பில் உண்டாகும் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, குழாய்களை மாற்றுவது, மின்கம்பிகளைச் சரிபார்ப்பது இவையெல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், ஸ்விட்ச், பூட்டு, கதவுப் பிடி, அடைத்துக்கொண்ட சாக்கடை இவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதினாலொழிய இப்படித்தான். சட்டசபையின் கவனம் குழாய் வாஷர் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது என்றால் அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. மாடிப்படியில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி அந்த வாஷரைப் பற்றியதுதான்.

இனி நான் முக்கியமாகப் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்: அட்வான்ஸ் என்று நாம் சொல்லும் முன்பணம்.

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது வெகு காலம் சம்பிரதாயமாகவே இருந்தது; இன்றும் பல பேட்டைகளில் ஐந்து மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் குறைந்து பேச்சு நடப்பதில்லை. புதிய சட்டம், வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கிகளைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும் என்கிறது. நாலு போர்ஷன் வைத்திருப்பவர் போர்ஷனுக்கு 18,000 வீதம் பத்து மாதம் வாங்கியிருந்தால் அவரிடம் 7,20,000 ரூபாய் இருக்க வேண்டும். இருக்கிறதா? பெண்ணின் கல்யாணத்துக்கோ, பிள்ளையின் காலேஜ் கட்டணத்துக்கோ, அந்த வீட்டையே கட்டி முடிப்பதற்கோ அது எப்போதோ செலவாகிவிட்டது. தணிக்கைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்தொகையில் முன்பணம் நிற்கிற இடம் சொத்துப் பக்கம் அன்று, கடன் பக்கம். காலி செய்ததும் கொடுக்க வேண்டிய, வட்டியில்லாத கைமாற்று அது.

வட்டியில்லாக் கடன் கொடுத்தவரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைக் காலி செய்யும் நாளில் போய்ப் பார்க்க வேண்டும். தெருவில் டெம்போ நிற்கிறது. பீரோவைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைகள் காலி அறையில் கூவி எதிரொலி கேட்கிறார்கள். வீட்டுக்கார மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அறை அறையாக ஸ்விட்சைத் தட்டிப் பார்த்து, சுவரில் ஆணித் துவாரங்களை விரலால் தடவி எண்ணிக்கொண்டு வருகிறார். “பெயின்ட்டுக்கு ஒரு மாச வாடகை கழிச்சுக்கறேன். மீதிக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார், அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் குடுத்ததும் உங்களுக்குத் தந்துடறேன்” என்கிறார். “ஏழு வருஷம் இருந்தோம் மாமா, ஏழு வருஷத்துல நீங்க ஒரு தடவைகூட பெயின்ட் அடிக்கலையே” என்கிறாள் அந்த வீட்டுப் பெண். அவர் பதில் சொல்லவில்லை, பதில் இல்லை.

அந்தப் பெண்ணின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. நியாயமான உபயோகத்தால் உண்டாகும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பாளி ஆகமாட்டார் என்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வர்ணம் உரிமையாளர் பொறுப்பு என்று புதிய சட்டத்தின் அட்டவணையும் சொல்கிறது. நான் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த 30 சதவீதத்தை இப்போது எடுங்கள். ஏழு வருஷமும் பராமரிப்புச் செலவு என்று வரியில் கழித்துக்கொண்டவர், அந்தப் பராமரிப்பைச் செய்யாமல் இருந்துவிட்டு, கடைசி நாளில் குடித்தனக்காரரிடமும் ஒரு மாத வாடகையைக் கழிக்கிறார். ஒரே சுவருக்கு இரண்டு பேரிடம் வர்ணக்கூலி வாங்கும் இந்தப் பழக்கத்தை ஊர் வழக்கம் என்று சொல்லிச் சமாதானப்படுத்திக்கொள்கிறோம். ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால் அது வேறு விஷயம். எழுதாமல் கழிப்பது நியாயம் அன்று.

அடுத்த பார்ட்டி வந்ததும் தருகிறேன் என்பதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு வருஷம் வீடு காலியாகக் கிடந்தாலோ, வாடகை நிலவரம் இறங்கினாலோ, அந்தச் சங்கிலி அறுந்துபோகும். 2020-ல் கொரோனா வந்து, வெளியூர்க்காரர்கள் சொந்த ஊருக்குத் திரும்பி, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சாலைகளை அண்டிய பேட்டைகளில் வீடுகள் காலியானபோது, முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீட்டுக்காரர்கள் நகையை அடகு வைக்க நேர்ந்ததைக் கண்டோம். மூன்று மாத முன்பணம் வாங்கி, அதைத் தொடாமல் வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வைத்திருந்தவருக்கு அந்தச் சங்கடம் வரவில்லை.

மின்சாரத்தையும் தண்ணீரையும் பற்றி இரண்டு வார்த்தை. குறிப்பிட்ட அளவு வரை மின்சாரம் இலவசம் என்பது வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய சலுகை. மூன்று போர்ஷனுக்கும் ஒரே இணைப்பை வைத்துக்கொண்டு, உள்ளே சின்ன மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை போடும் வீட்டுக்காரர் மற்றவர் சலுகையைப் பறிப்பதோடு, மொத்த உபயோகத்தையும் உயர்ந்த கட்டணப் படிக்கு ஏற்றிவிடுகிறார். தனித்தனி இணைப்பு வாங்குவதே நல்லது. தண்ணீர் விஷயத்தில், 2019 கோடையில் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தோமே, அப்போது லாரித் தண்ணீருக்கு யார் பணம் கொடுப்பது என்று எழுதியிராத வீடுகளில்தான் சண்டை அதிகமாக இருந்தது.

குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். வேலை பார்க்கும் இடத்தையும், முன்பு குடியிருந்த இடத்தில் வாடகை ஒழுங்காகக் கொடுத்தாரா என்பதையும் விசாரியுங்கள், அது விவேகம். என்ன சாப்பிடுகிறீர்கள், எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறீர்கள், சொந்த ஊர் எது என்று சுற்றி வளைத்து ஜாதியைக் கண்டுபிடிப்பதும், தனியாக வேலைக்குப் போகும் பெண் என்றால் கதவைச் சாத்துவதும் அநாகரிகம். லௌகிகமாகப் பார்த்தாலும் அது நஷ்டம்: ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற பலகை ஒரு மாதம் அதிகமாகத் தொங்கினால் வருஷ வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடுகிறது. மாதம் பிறந்ததும் வாடகையைக் கொண்டுவந்து வைத்து, குழாய் சொட்டினால் தாமே வாஷர் மாற்றிக்கொள்ளும் குடித்தனக்காரர் ஒருவர் பத்து வருஷம் இருப்பது, இரண்டாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வருஷா வருஷம் மாறும் பத்துப் பேரைவிட லாபம் என்பதைக் கணக்குப் புத்தகம் வைத்திருப்பவர் மட்டுமே அறிவார்.

வீட்டுக்கார நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மாத வாடகை வரும்போது ரசீது எழுதிக் கொடுங்கள். முன்பணத்தைச் செலவழித்துவிட்டவர்கள், மாதம் இரண்டாயிரமோ மூவாயிரமோ வாடகையிலிருந்து எடுத்து, அதற்கென்று ஒரு தனிக் கணக்கில் போட ஆரம்பியுங்கள். ஜெராக்ஸ் கடையில் அடித்த பழைய 11 மாத ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துப் பார்த்து, வர்ணம் யார், மோட்டார் யார், லாரித் தண்ணீர் யார் என்று எழுதிச் சேர்த்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். அதற்கான இணையதளத்தைத் தமிழ்நாடு அரசு நடத்திவருகிறது, வீட்டிலிருந்தே செய்யலாம். குடித்தனக்காரர்களாக வந்திருக்கும் நண்பர்கள் ரசீதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்; குடிபுகும் நாளிலேயே சுவரையும் தரையையும் குழாயையும் கைபேசியில் படமெடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். கேள்விகள் இருந்தால் காரியதரிசியிடம் எழுதிக் கொடுக்கலாம். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.